முப்பத்து நான்கு பெயர்கள்

அன்று மதியம் நான் எவ்வளவு நேரம் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. அரைமணி நேரம் இருக்கும் என்றுதான் மனதுக்குள் இருக்கிறது. இரண்டேகால் மணி நேரம் என்று நூலகர் சிந்தாமணி விசாரணையில் எழுதிக் கொடுத்தார். அவருடைய நாற்காலி கடிகாரத்துக்கு எதிரே இருந்தது, அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். காலையில் அந்தப் பெண்ணைப் பார்த்தேனா என்பதும் அப்படித்தான். முந்தின நாள் பார்த்ததும் அன்று பார்க்காததும் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் கிடக்கின்றன. ஆகவே இதில் சில இடங்கள் தவறாக இருக்கலாம். நான் எழுதிய பெயரும் நான் பேசாமல் இருந்ததும் மட்டும் சந்தேகமில்லாதவை.

எங்கள் ஊர் அரியலூருக்குக் கிழக்கே, ஜெயங்கொண்டம் சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. அங்கே ஒரு கிளை நூலகம். ஒரே கூடம், நான்கு மின்விசிறி, அதில் இரண்டு ஓடும். ஓடுகிற இரண்டில் ஒன்றின் அடியில் ஆறு வருஷமாக நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன் ஒரு சிமெண்ட் ஆலையில் காண்டிராக்டரிடம் ஸ்டோர் கிளார்க்காக இருந்தவன். காண்டிராக்டர் மாறினார். புதியவர் தன் ஆளைக் கொண்டுவந்தார். பிறகு தம்பி வீட்டில் ஒரு அறை. பகலில் வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளை ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. நூலகத்தில் யாரும் காரணம் கேட்பதில்லை. என் நாற்காலிக்கு நேர் மேலே ‘அமைதி காக்கவும்’ என்று பலகை தொங்கியது. பிள்ளைகள் எனக்கு அமைதி சார் என்று பெயர் வைத்திருந்தார்கள். பழனிவேல் என்ற பெயரைவிட அது பொருந்தியது.

அந்த வருஷம் மே மாதம் கோடை முகாம் வந்தது. பத்து நாள், காலை பத்து முதல் பன்னிரண்டரை வரை. கதை சொல்வது, செஸ், படம் வரைவது, காகித மடிப்பு, பதினொரு மணிக்கு ஆளுக்கு ஒரு டம்ளர் மோர், வந்த பிள்ளைகளுக்கு இலவசமாக உறுப்பினர் அட்டை. நூலகர் சிந்தாமணி எட்டு வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருந்தவர். முதல் நாள் முப்பத்து நான்கு பிள்ளைகள் வந்தார்கள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலிமேல் ஏறி, சன்னல் பக்கம் போய், தரையில் உட்கார்ந்து என்று போனில் படமாக எடுத்துத் தள்ளினார்.

நான்காம் நாள் இருபத்திரண்டு பேர். ஐந்தாம் நாள் பத்தொன்பது. வெயில் நாற்பத்தொன்றைத் தாண்டியிருந்தது. சிலர் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள், சிலருக்கு அலுத்துவிட்டது. தினமும் முப்பதுக்குக் குறையக் கூடாது என்பது மேலிடத்து வாய்மொழி உத்தரவு. பிள்ளைகள் கையெழுத்திட்ட பக்கத்தையும் ஒரு புகைப்படத்தையும் பத்தரைக்குள் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஆள் வராத கிளையைப் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. சேர்த்தால் சிந்தாமணிக்கு வேலை இல்லை. எனக்கு நாற்காலி இல்லை.

“அண்ணே, உங்க கையெழுத்து நல்லாருக்கும்ல?” என்று கேட்டார்.

“இருக்கும்.”

“ஒரு பதினஞ்சு பேருதான். சும்மா போட்டு வுடுங்க. பொய்யாவா சொல்றோம்? மொத நாளு வந்த புள்ளைங்கதானே. நாளைக்கே திரும்பி வந்தாலும் வரும்.”

“ஒரே கையெழுத்தா இருந்தா கண்டுபிடிச்சிருவாங்க மேடம்.”

“யாரு, எங்க ஆபீஸுலயா? அவங்க எண்ணிப் பாக்குறதே பெருசு. எழுத்தை வேற பாக்கப் போறாங்களாக்கும்.”

யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உண்மை. இருந்தாலும் நான் முதல் நாள் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையின் எழுத்தையும் அதனதன் போக்கில் எழுதினேன். பள்ளியில் அடுத்தவனுக்கு இம்போசிஷன் எழுதிக் கொடுத்து அவன் அடி வாங்காமல் தப்பிக்க வைத்தவன் நான். எந்த வாத்தியாரும் கண்டுபிடித்ததில்லை. ஒரு பையன் எழுத்து மேடேறும். ஒருத்தி கொம்புக்கு வால் நீட்டுவாள். தென்றல் என்கிற பெண் பேனாவை அழுத்துவாள், கடைசி எழுத்துக்கு மேல் புள்ளி வைக்காமல் குட்டியாக ஒரு வட்டம் போடுவாள். நான்கு பேனா வைத்திருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஆறு வருஷத்தில் நான் ஆசையோடு செய்த வேலை அது ஒன்றுதான். பிள்ளைகள் வந்தால் இரைச்சல். பெயர்கள் வந்தால் இரைச்சல் இல்லை.

இந்த வேலையின் முதல் இரண்டு நாள் வராத பிள்ளைகளை மட்டும் எழுதினேன். யார் வந்தார், யார் வரவில்லை என்று தலையை நிமிர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. பிறகு அதையும் விட்டேன். ஒன்பதரைக்கே போய் முப்பத்து நான்கையும் எழுதி வைத்துவிடுவேன். பிள்ளைகள் மேசைக்கு வந்தால் சிந்தாமணி, “கையெழுத்தெல்லாம் போட்டாச்சு, போயி உக்காருங்க” என்பார். அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. புகைப்படத்துக்கு அவர் முதல் நாள் எடுத்ததில் ஒன்றை எடுத்து அனுப்புவார். இதை நாங்கள் தப்பு என்று நினைக்கவே இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கிற வழி என்று நினைத்தோம்.

எட்டாம் நாள் முடிகிறபோது சிந்தாமணி ஒரு அறிவிப்புச் செய்தார். நாளைக்கு ஒவ்வொருவரும் தங்கள் ஊரிலிருந்து ஒரு பொருள் கொண்டுவர வேண்டும், மேசைமேல் வைத்துக் காட்ட வேண்டும்.

தென்றல் ரெட்டிபாளையம் போகிற வழியில் ஒரு சின்ன ஊரிலிருந்து வருகிறவள். பத்து வயது. அந்த ஊரிலிருந்து அவள் ஒருத்திதான் வந்தாள். அம்மா நூறு நாள் வேலைக்கும் அப்பா ஆலைக்கும் விடியற்காலையிலேயே போய்விடுவதால் அவளாகவே பூட்டிக்கொண்டு ஒன்பதேகால் பஸ் ஏறுவாள், பன்னிரண்டே முக்கால் பஸ்ஸில் திரும்பி ஒரு மணிக்கு ஊரில் இறங்குவாள். அன்று பஸ்ஸுக்காகக் காத்திருந்த நேரத்தில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அமைதி சார், நத்தைக் கல்லு கொண்டாரலாமா?”

நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எங்கூரு பழைய சொரங்கக் குழியில கெடக்கு சார். இம்மாம் பெருசு. அப்ப இந்த எடமெல்லாம் கடலாம், எங்கப்பா சொல்லுச்சு. நத்தை செத்துக் கல்லாயிருச்சாம். கொண்டாந்தா மேடம் திட்டுவாங்களா?”

திட்டமாட்டார் என்று தலையை அசைத்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்தக் குழிக்குப் போகாதே என்று சொல்ல ஒரு வினாடி போதும். கல் எடுத்து ஆண்டுக்கணக்கில் கைவிட்ட குழி, படிப்படியாக இறங்கும், ஓரம் பொடிந்து கொட்டும் என்று ஆலையில் வேலை பார்த்த எனக்குத் தெரியாதா? தெரியும். பேசுவது எனக்கு எப்போதும் எழுந்து போய்க் கதவைத் திறப்பது மாதிரி ஒரு வேலை. நான் எழவில்லை.

ஒன்பதாம் நாள் காலை முப்பத்து நான்கு பெயர்களையும் எழுதினேன். பத்தொன்பது பிள்ளைகள் வந்திருந்ததாகப் பிற்பாடு தெரிந்தது. அன்று காகித மடிப்புச் சொல்லித்தர உத்திராபதி வந்தார். பெரம்பலூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. கோடையில் பழைய மொபெட்டில் கலர் பேப்பர் பையை மாட்டிக்கொண்டு நூலகம் நூலகமாகப் போகிறவர். தவளை மடித்து அதன் முதுகை அழுத்திக் குதிக்க வைத்தார். “தவளை கத்துமா சார்?” என்று ஒரு பெண் கேட்க, “கத்தாதும்மா. இது அந்த மூலையில உக்காந்துருக்காரே, அவரு வளக்குற தவளை” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். பன்னிரண்டரைக்கு எல்லாரும் போனார்கள். அவரும் போனார்.

இரண்டு மணிக்குத் தென்றலின் அம்மா கண்ணகி வந்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வண்டியில் அழைத்து வந்திருந்தார். நூறு நாள் வேலை மண் காலில் காய்ந்திருந்தது. செருப்பு இல்லை.

“மேடம், தென்றல் இங்க இருக்காளா? ஒரு மணி பஸ்ஸுல எறங்கல. அடுத்த பஸ்ஸுலயும் இல்ல.”

சிந்தாமணி பதிவேட்டைத் திருப்பினார். யோசிக்காமல் செய்தார். எட்டு வருஷமாக எந்தக் கேள்விக்கும் முதலில் பதிவேட்டைத் திறந்து பழகிய கை அது.

“வந்துருக்காளே. இந்தா பாருங்க.”

கண்ணகி குனிந்து விரலை வைத்தார். “ஆமா, அவ எழுத்துதான். புள்ளி வைடின்னா வட்டம் போடுவா.” விரலை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்ப வந்துட்டா. பஸ்ஸை வுட்டுட்டு இங்கதான் எங்கயாச்சும் சுத்திக்கிட்டு இருப்பா.”

அந்தத் தெளிவைத்தான் என்னால் உடைக்க முடியவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம்.

கழிவறை, பின்பக்கம், பஸ் நிறுத்தம், ஐஸ் கடை என்று தேடினார்கள். ஊருக்குள்ளிருந்து முகாமுக்கு வருகிற இரண்டு பிள்ளைகளைக் கூட்டிவந்து கேட்டார்கள். ஒருத்தி தென்றல் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டதும் அது நேற்று என்றாள். மூன்றாவது தடவை அழுதாள்.

எல்லாரும் வெளியே போயிருந்தபோது நான் எழுந்து மேசைக்குப் போனேன். பிள்ளைகள் கொண்டுவந்த ஊர்ப் பொருள்கள் அப்படியே இருந்தன. முந்திரிப்பழம் இரண்டு, ஒரு மயிலிறகு, சோளக் கதிர், ஒரு பையன் வைத்த சிமெண்ட் சாக்கு. நத்தைக் கல் இல்லை. சாக்கைத் தூக்கிக்கூடப் பார்த்தேன். இல்லை.

அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. வந்திருந்தால் கல்லோடு வந்திருப்பாள்.

சிந்தாமணி உள்ளே வந்தார். பின்னால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

“பழைய குழிப் பக்கம் பாத்தாங்களா?” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எந்தக் குழி? எங்கூருக் குழியா? ஏங்க, காலையில பஸ்ஸேறி இங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டு பன்னெண்டரை வரைக்கும் இங்க இருந்த புள்ள, இந்த வெயில்ல நாலு கிலோமீட்டரு நடந்து குழிக்கு எதுக்குங்க போவுது? இங்க எவன் கூட்டிட்டுப் போனான்னு பாப்பீங்களா...”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பதிவேடு சரி என்றால் நான் சொல்வது பைத்தியக்காரத்தனம். பெயரை எழுதியது நான் என்று சேர்த்துச் சொல்லாமல் குழி என்ற சொல்லுக்கு ஒரு பலமும் இல்லை. பாதியைச் சொல்லிப் பார்த்தேன், அது போய்ச் சேரவில்லை. போய் உட்கார்ந்துகொண்டேன்.

மூன்று மணிக்குத் தென்றலின் அப்பா அரியமுத்து ஷிப்ட் முடிந்த ஆட்கள் ஏழெட்டுப் பேரோடு வந்தார். உடம்பெல்லாம் சிமெண்ட் பூத்திருந்தது. ஒரு போலீஸ்காரரும் வந்தார். “இன்னைக்கு எடுத்த போட்டோ இருக்கா?” என்று கேட்டார்.

சிந்தாமணியின் கை போனில் நின்றது. காலை பத்தரைக்குக் குழுவுக்கு அனுப்பிய படம் இருந்தது. எட்டு நாளுக்கு முன் எடுத்த படம். இரண்டாம் வரிசையில் தென்றல் பச்சைச் சுடிதாரில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். போலீஸ்காரர் அதை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதுதான் எம்பொண்ணு” என்றார் அரியமுத்து. “பச்சைச் சுடிதாரு. டேய், பச்சைச் சுடிதாருன்னு சொல்லுங்கடா எல்லாருகிட்டயும்.”

கண்ணகி காலையில் ஆறரைக்கே போனவர். மகள் என்ன உடுத்தினாள் என்று அவருக்கும் தெரியாது. பச்சைச் சுடிதார் என்று அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போன் போயிற்று.

சிந்தாமணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பேசுவார் என்று நான் இருந்தேன். நான் பேசுவேன் என்று அவர் இருந்திருக்க வேண்டும். அவருக்கு வீட்டில் படிக்கிற இரண்டு பிள்ளைகள். எனக்கு எதுவுமில்லை. ஆகவே பேச வேண்டியவன் நான்தான் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. ஒருவேளை வந்திருந்தால்? கல் கிடைக்காமல் வெறுங்கையோடு வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால்? நான்தான் தலையை நிமிர்த்தவே இல்லையே. இப்படி ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நான் தொங்கினேன்.

தேடுகிறவர்கள் தேடப் போனார்கள். கண்ணகிக்குக் கால் ஓய்ந்துவிட்டது. என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு இடத்தில் அசையாமல் இருந்தது அவருக்கு ஏதோ ஆறுதலாகத் தெரிந்திருக்கலாம்.

“அண்ணே, நீங்க காலையிலேர்ந்து இங்கதான் இருந்தீங்களாம்.”

“ம்.”

“அவளைப் பாத்தீங்களா? சிரிச்சுக்கிட்டு இருந்தாளா? நேத்து ராத்திரி ஒரு அடி போட்டேண்ணே. சோத்தைச் சிந்திட்டான்னு. கோவிச்சுக்கிட்டு எங்கயும் போயிருப்பாளோ?”

நான் மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிரிச்சா” என்றேன்.

“சிரிச்சாளா.” அவர் தலையை ஆட்டிக்கொண்டார். “அப்ப கோவமில்ல.”

இதைவிடக் கீழான ஒன்றை நான் வாழ்நாளில் செய்ததில்லை.

அன்று காலை முகாமில் சொல்லித்தந்தவர் யார் என்று அரியமுத்து கேட்டு, உத்திராபதிக்குப் போன் போட்டிருந்தார்கள். அவர் பெரம்பலூரில் சாப்பிட உட்கார்ந்தவர், பிள்ளையைக் காணோம் என்று கேட்டதும் சாப்பிடாமல் மொபெட்டைத் திருப்பிவிட்டார். தேட ஒரு ஆள் கூட இருக்கட்டுமே என்று வந்தவர். நான்கேகாலுக்கு வந்து இறங்கினார். வெயிலில் முகம் கறுத்து, தோளில் அதே பேப்பர் பை. வாசலில் முப்பது பேராவது நின்றிருந்தார்கள்.

போலீஸ்காரர் போனைக் காட்டினார். “இந்தப் பொண்ணு காலைல ஒங்ககூட இருந்துச்சுல்ல?”

உத்திராபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இல்லீங்களே. இந்தப் புள்ளைய நான் பாக்கல. காலைல இவ்ளோ கூட்டமும் இல்லீங்க. இருவது பேப்பர் எடுத்தேன், ஒண்ணு மிஞ்சிச்சு. பத்தொம்போது புள்ளைங்கதான்.”

“நோட்டுல முப்பத்தி நாலு பேரு கையெழுத்து இருக்கு” என்றார் போலீஸ்காரர்.

“அது எனக்குத் தெரியாதுங்க. நான் பாத்தது பத்தொம்போது.”

“பொய் சொல்றான் பாரு” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. “போட்டோ இருக்கு, கையெழுத்து இருக்கு, பாக்கவே இல்லங்குறான்.”

அரியமுத்து அடித்தது திறந்த கையால். இடது காதோடு சேர்த்து விழுந்தது. உத்திராபதி சுவரில் சாய்ந்து, பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “சார், பத்தொம்போதுதான் சார்” என்றார். இரண்டாவது அடி விழுந்தது. பிறகு யார் யாரோ அடித்தார்கள். பை கிழிந்தது. போலீஸ்காரர் நடுவில் புகுந்து இழுத்தார். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்தபடி, “எம்மேல சத்தியமா பத்தொம்போது” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கூட்டத்தில் உண்மை சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நான் எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

“அந்தப் பேரை நான்தான் எழுதினேன்.”

யாரும் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

“அந்தக் கையெழுத்து அவ போட்டதில்ல. நான் எழுதினேன். முப்பத்தி நாலும் நான் எழுதினது. அவ இன்னைக்கு வரல.”

கூட்டம் அப்படியே நின்றது. “யோவ், என்னய்யா சொல்ற?” என்றார் போலீஸ்காரர்.

கண்ணகிதான் முதலில் பேசினார். “இல்ல. இல்லண்ணே. அது எம்பொண்ணு எழுத்துதான். எனக்குத் தெரியாதா? வட்டம் போட்டுருக்கா பாருங்க, வட்டம்.” பதிவேட்டை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டார். அதை விட்டால் மகள் காலையில் எங்கே இருந்தாள் என்பதற்கு அவரிடம் வேறு ஒன்றுமில்லை.

நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. மேசையில் கிடந்த பழைய செய்தித்தாளை எடுத்து, அதன் ஓரத்தில், எல்லாரும் பார்க்க, பேனாவை அழுத்தித் தென்றல் என்று எழுதினேன். கடைசியில் மேலே குட்டி வட்டம். அதன் கீழே இன்னொரு முறை எழுதினேன்.

கண்ணகி பதிவேட்டைப் பிரித்தார். அதைப் பார்த்தார். இதைப் பார்த்தார்.

“அப்ப எம்புள்ள எங்கடா?” என்றார்.

“பழைய குழிக்கு. நத்தைக் கல்லு எடுக்க.”

சிந்தாமணி அழுதுகொண்டே, “அந்தப் போட்டோவும் இன்னைக்கு எடுத்தது இல்ல சார்” என்றார். யார் கேட்டார்கள்? அதற்குள் வண்டிகள் கிளம்பிவிட்டன.

நானும் போனேன். யாருடைய வண்டியின் பின்னால் ஏறினேன் என்று நினைவில்லை. யாரும் என்னை ஏறு என்றும் சொல்லவில்லை, இறங்கு என்றும் சொல்லவில்லை. குழி மூன்று படியாக இறங்குகிறது. வெள்ளைக் கல் மாலையிலும் அடுப்புப் போலக் கொதித்தது. இரண்டாவது படியில் அவள் கிடந்தாள். மஞ்சள் கவுன். மேலிருந்து பார்த்தால் கல்லோடு கல்லாகத் தெரிந்தது. ஒரு நிழலும் இல்லாத இடம். அரியமுத்து சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்கினார். மேலே நின்ற எங்களுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, “உசுரு இருக்கு, உசுரு இருக்கு” என்று அவர் கத்தினார்.

கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. தண்ணீர் கேட்டாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பி, பாதம் நீலமாக இருந்தது. அந்த நிறத்தைப் பார்த்ததும் ஆம்புலன்சில் வந்த பெண் கடிகாரத்தைப் பார்த்து, “எத்தனை மணிக்கு விழுந்துச்சு?” என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. தென்றலுக்குத் தெரிந்திருந்தது. விழுந்த கொஞ்ச நேரத்தில் ஒன்பதேகால் பஸ் ஹாரன் அடித்தது என்றாள். டிரைவர் மாமா தனக்காக நிற்பார் என்று நினைத்தாளாம். பிறகு பகல் முழுக்கக் கத்தியிருக்கிறாள். மேலே கல் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன.

அரியலூரிலிருந்து அன்றிரவே திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். இரண்டு மணிக்கே தெரிந்திருந்தால் என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. தென்றல் எட்டாம் வகுப்புப் போகிறாள், செயற்கைக் கால் பொருத்தியிருக்கிறது, வளர வளர மாற்ற வேண்டும். கண்ணகி வேலைக்குப் போவதை விட்டுவிட்டுத் தினமும் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போய் அழைத்து வருகிறார். அரியமுத்து அதே ஆலையில் அதே ஷிப்டில் இருக்கிறார். உத்திராபதிக்கு இடது காது கேட்பதில்லை. புகார் கொடுக்கவில்லை. பெரம்பலூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நிற்கிறார், எந்த முகாமுக்கும் போவதில்லை. சிந்தாமணியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அரியலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிறார். ஒருமுறை என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூலகம் திறந்திருக்கிறது, வேறொருவர் நடத்துகிறார், இந்த மே மாதமும் முகாம் நடந்தது. என்மேல் எந்த நடவடிக்கையும் இல்லை, ஏனென்றால் நான் எந்த அலுவலகத்துக்கும் யாரும் இல்லை. தம்பி வீட்டை விட்டு வந்துவிட்டேன். கீழப்பழுவூரில் ஒரு லாரி ஷெட்டில் காவல் இருக்கிறேன். குழியைச் சுற்றி முள்வேலி போட்டிருக்கிறார்கள்.